இன்பம் எழுதிய அறுபத்தொரு பக்கம்

இன்பம்க்காவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பத்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. சரி, தன் கையே தனக்குதவி என்று நானே உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் மனோரமா. குடியாத்தத்துக்காரி, லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். 1991ல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். இன்பம்க்கா இருந்த அறையில்தான் எனக்கும் நாற்காலி போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் அது உங்களுக்கும் தேவையில்லை.

அந்தக் கம்பெனியில் இரண்டே அறையில்தான் ஏசி இருந்தது. ஒன்று முதலாளியின் அறை, இன்னொன்று எங்கள் கம்ப்யூட்டர் அறை. தூசி வரக் கூடாது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். ஊருக்கே ஷூ செய்கிற கம்பெனியில் வெறுங்காலோடு வேலை செய்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

இன்பம்க்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எபனேசர் என்கிற, தோல் பதனிடும் டேனரி மேஸ்திரியின் மகள். வேலூரில் கணக்குப் பாடம் படித்தவர். கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், மெஷினோடு வந்த புத்தகங்களைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டார். பேசுவது கம்மி, கோபம் வந்தால் அதைவிடக் கம்மி. எனக்கு நேர் எதிர். எனக்குக் கோபம் வந்தால் பேரணாம்பட்டு வரை கேட்கும்.

அவர் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பச்சைத் தோல் வந்து இறங்கியதிலிருந்து அது ஷூவாகிப் பெட்டிக்குள் போகும் வரை, எந்த லாட் எந்தப் பதனிடும் டிரம்மில் இருக்கிறது, எதில் எத்தனை ஜோடி வரும் என்று அது சொல்லிவிடும். முதலாளி நல்ல மனிதர். மற்ற கம்பெனிகளுக்கும் கொடுத்துக்கொள் என்று அனுமதி தந்தார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பதினோரு கம்பெனிகளில் அது ஓடியது. 1992ல் பார்த்தால் பேரணாம்பட்டில் பன்னிரண்டாவதாக ஒரு டேனரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் கொடுக்கவே இல்லை. பதினொன்றில் யாரோ ஒருவர் ஃபிளாப்பியைக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். யார் என்று மட்டும் தெரியவில்லை.

சாப்பிடும் நேரத்தில் இன்பம்க்கா டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குடுத்தேன் மனோ. பேரு, நம்பர் இன்னா போட்டாலும் தேடி அழிச்சிடுவாங்க. யாரோடதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"எங்க ஊர்ல இதுக்கெல்லாம் பேஜார் ஆக மாட்டாங்கக்கா" என்றேன் நான். "லுங்கி பாவு பூட்டும்போதே ஓரத்துல எட்டு கலர் இழை வைப்பாங்க. எங்கப்பா ஒரு வரிசை, பக்கத்து வீட்டுக்காரரு வேற வரிசை. கலர் அதேதான், அடுக்குறது மட்டும் வேற. சந்தையில எங்க கெடந்தாலும் ஓரத்தப் பாத்தா யாரு தறின்னு சொல்லிடலாம். அத மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி நெய்யணும்."

சொல்லிவிட்டு நான் என் தயிர்சாதத்தை முடித்தேன். இன்பம்க்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் புரோகிராமை நாற்பத்திரண்டு துண்டாக வெட்டிவிட்டிருந்தார். ஒவ்வொரு துண்டின் முடிவிலும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று மெஷினுக்கு ஒரு கட்டளை. அதனால் துண்டுகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் வேலை ஒன்றேதான் நடக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அடுக்கு. அந்த அடுக்குதான் அடையாளம். பெயரும் இல்லை, நம்பரும் இல்லை, தேடி அழிக்க அதில் ஒன்றுமே கிடையாது. கை வைத்து அடுக்கை மாற்றினால் புரோகிராம் படுத்துவிடும்.

பதினோரு கம்பெனிக்கும் புது ஃபிளாப்பி போனது. மூன்றே மாதத்தில் பேரணாம்பட்டுக்காரர் மெஷின் நின்றுவிட்டது என்று ரிப்பேருக்கு அந்தப் புது ஃபிளாப்பியின் காப்பியை எடுத்துக்கொண்டு எங்களிடமே வந்தார். திருடின மாட்டை உடையவன் வீட்டுக் கொட்டகையிலேயே கொண்டுவந்து கட்டின கதைதான். இன்பம்க்கா ஐந்து நிமிடம் பார்த்தார். "இது வாணியம்பாடிக்கு நான் குடுத்தது" என்றார். பேரணாம்பட்டுக்காரர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். இன்பம் மை போட்டுப் பார்க்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. எப்படி என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அக்டோபரில் அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அவரவர் உழைப்பில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கை முறுக்கு எல்லாம் இருக்கும். இன்பம்க்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். பட்டுப் புடவையோடு வந்து நின்றவர் கையில் காலிகோ துணி அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது.

"இன்னாக்கா இது?"

"புரோகிராம்தான். நான் வெளைவிச்சது இது ஒண்ணுதானே. ஃபிளாப்பிய வெச்சா யாருக்கும் புரியாது. அதான் பிரின்ட் எடுத்து பைண்ட் பண்ணேன்."

பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பேனாவால் தமிழில் 'கர்த்தருக்கு முதற்பலன்' என்றும் தேதியும் எழுதியிருந்தது. உள்ளே அறுபது பக்கம் எங்கள் பிரின்டரில் அடித்த இங்கிலீஷ். துண்டு வெட்டுவது, அடுக்குவது, அடுக்கைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது, எல்லாம் படம் போட்டு எழுதியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு லுங்கி ஓரத்தின் படம். அதன் கீழே 'குடியாத்தம் நந்தகோபால் தறி' என்று என் அப்பா பெயர்.

"சத்தியம் வாங்குனீங்களேக்கா. இந்த ரகசியத்த மட்டும் எடுத்துட்டு வைக்கலாமில்ல?"

"காணிக்கைல பழுது இருக்கக் கூடாது மனோ. கால் நொண்டுற ஆட்டக் குடுக்க முடியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஏலத்தில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்த கமிட்டி ஐயா, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிக் காட்டினார். கூட்டத்தில் சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. இன்பம்க்காவின் தலை கீழே போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே கேட்டிருப்பேன், பர்ஸில் பஸ்ஸுக்குத்தான் இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. எங்கள் கம்பெனிக்குப் பச்சைத் தோல் வாங்கிக் கொடுக்கிற ரஷீத் அஹமது பாய், மேல்விஷாரத்துக்காரர். முதலாளியோடு விருந்தாளியாக வந்திருந்தார். ஒரு பூசணிக்காயின் விலைக்கு எடுத்து, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு அந்தப் புத்தகத்தை நாங்கள் மறந்தோம்.

1997ல் நாங்கள் இருவரும் கம்பெனியை விட்டு வெளியே வந்து, பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்த ஆபீஸ் போட்டோம். புரோகிராம் வளர்ந்தது. 2002ல் ஆம்பூரில் ஷூ வாங்குகிற ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் குடோன்களில் அதைப் போட்டுக்கொண்டது. நான் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

2003 ஜூனில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. அமெரிக்காவில் வேறொரு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பியது. புரோகிராமைத் துண்டுகளாக வெட்டி, அடுக்கை மாற்றி, அதையே அடையாளமாக வைக்கும் முறை தங்களுடையது, அதற்குத் தங்களிடம் பேட்டன்ட் இருக்கிறது, 1995 நவம்பரில் மனுப் போட்டு வாங்கியது என்று எழுதியிருந்தார்கள். காசு கேட்டிருந்தால்கூடத் தேவலாம். இந்த முறையைத் தங்களிடமிருந்துதான் எடுத்தேன் என்று இன்பம்க்கா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், தொடர்ந்து ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தத் தாளும் கூடவே வந்திருந்தது. மூன்று வரி, கீழே ஒரு கோடு.

"கையெழுத்துதானே மேடம், போட்டு முடிச்சிடுங்க" என்று அந்த அமெரிக்க ஷூ கம்பெனியின் சென்னை ஆபீஸில் சுலபமாகச் சொன்னார்கள்.

"எடுத்தேன்னா, திருடுனேன்னுதானே அர்த்தம்" என்று இன்பம்க்கா என்னிடம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பிறகு அந்தத் தாளை டிராயரில் போட்டு மூடினார்.

ஷூ கம்பெனி தன் சார்பில் பரத் என்று ஒருவரை அனுப்பியது. சென்னையில் பேட்டன்ட் வேலை பார்க்கிறவர், முப்பது வயதிருக்கும். வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பொறுமையாகச் சொன்னார்.

"அவங்க மனுப் போடறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே இது வெளியில தெரிஞ்சிருந்துதுன்னு காட்டினா, அந்த பேட்டன்ட் நிக்காது மேடம். அதாவது 1994 நவம்பருக்கு முன்னாடி."

"92லயே பதினோரு கம்பெனில ஓடுச்சே" என்றேன்.

"இந்தியாவுல ஓட்டினது, வித்தது எதையும் அவங்க சட்டம் கணக்குல எடுக்காது. எழுத்துல இருக்கணும். அதுவும் யார் வேணா போய் எடுத்துப் படிக்கிற இடத்துல. இதுக்கு ஃபிளாப்பி இருந்தாலும் பிரயோஜனமில்ல."

ஃபிளாப்பியும் இல்லை. பழையதெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. லுங்கியைக் காட்டினால் ஆகாதா என்று கேட்டேன். பரத் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். நான் விளையாடவில்லை.

"எங்கயாவது எழுதி வெளியிட்டீங்களா மேடம்? ஒரு பத்திரிகை, ஒரு கட்டுரை?"

"பூட்டு எப்படி செஞ்சேன்னு யாராச்சும் வெளிய சொல்லுவாங்களா" என்றார் இன்பம்க்கா. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். "எனக்கே சந்தேகமா இருக்கு மனோ. அவங்க பேட்டன்ட்ல போட்ட படமும் நான் போட்ட படமும் அப்படியே இருக்கு. 97ல மாத்தி எழுதினேனே, அப்ப எங்கயாச்சும் பாத்துட்டுதான் சேத்தேனோ?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் எதிரில் சாப்பிடாமல் கிடந்து செய்தவருக்கு, ஒரே ஒரு ஃபேக்ஸ் வந்ததும் தன் மீதே சந்தேகம். அந்தக் கோபத்தில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

"யாருக்கும் காட்டலன்னு சொல்றீங்களே, உங்க கடவுளுக்குக் காட்டுனீங்களேக்கா. அறுபத்தொரு பக்கம்."

பரத் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். நான் ஏலக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ரஷீத் பாய்க்கு ஃபோன் போட்டோம். எழுபதைத் தாண்டியவர், குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர் கிதாபா? எனக்கு ஒரு எழுத்து புரியல இன்பம்மா. வீட்ல வெச்சு இன்னா செய்ய? நம்ம டிரஸ்ட் லைப்ரரில அப்பவே குடுத்துட்டேன். போய்ப் பாரு, இருக்கும்."

அன்றைக்கே கிளம்பினோம். வேலூரில் இறங்கி ஆற்காடு பஸ்ஸில் ஏறி மேல்விஷாரம் போவதற்குள் நான் பரத்தை நூறு கேள்வி கேட்டிருப்பேன். ஒரு தோல் மண்டியின் மாடியில் இரண்டு கூடம், அதுதான் நூலகம். அஃப்ஸர் ஜஹான் என்கிற அம்மாள்தான் இருபத்தைந்து வருஷமாக நூலகர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எங்களைப் பார்த்தார். எழுதியவர் பெயரைச் சொன்னதும் சேர்க்கைப் பதிவேட்டில் விரலை ஓட்டினார். உள்ளே போனார். காலிகோ அட்டையோடு வந்தார்.

நான் அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை. நூலக முத்திரை பளிச்சென்று இருந்தது, 1994 ஜனவரி 17. மூன்றாம் பக்கத்தில் என் அப்பாவின் தறி. இன்பம்க்கா எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதேதான் மனோ. 93லயே எழுதிட்டேன்" என்றார். அவருக்குச் சந்தேகம் அந்த நிமிடமே போய்விட்டது. பரத் பக்கத்துக்குப் பக்கம் படம் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினார். நாங்கள் வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு பாதாம் பால் குடித்தோம்.

மறுநாள் பத்து மணிக்குப் பரத்திடமிருந்து ஃபோன். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், ஒரு சிக்கல். நேத்து எடுத்த படத்துல, லைப்ரரில புக்கைத் தேட வெச்சிருக்கிற கார்டைப் பாத்தேன். புக்கை எந்தத் தலைப்புல வெச்சிருக்காங்க தெரியுமா? 'மதம், கிறித்துவம்'. முதல் பக்கத்துல கர்த்தருக்குன்னு இருக்கில்ல, அதப் பாத்துப் போட்டிருக்காங்க."

"அதனால இன்னா?" என்றேன் நான், ஃபோனைப் பிடுங்கி.

"வெறுமனே இருந்தா போதாதுங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தர் தேடிப் போனா கெடைக்கிற மாதிரி இருந்திருக்கணும். ஜெபப் புஸ்தகம் அலமாரில இருந்தா எப்படிக் கெடைக்கும்னு எதிர்ப்பக்கம் கேப்பாங்க. பதில் சொல்ல முடியாது. நான் லைப்ரரிக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன், வேற யாரோ எடுத்தாரு, 94ல கம்ப்யூட்டர்னு தலைப்பே இல்லன்னாரு."

இன்பம்க்கா மேஜை டிராயரைத் திறந்து அந்த மூன்று வரித் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"போதும் மனோ. எனக்குத் தெரிஞ்சிடுச்சு நான் எடுக்கலன்னு. அது போதும். கையெழுத்துப் போட்டுட்டா உனக்கும் பொழப்பு நிக்கும்."

"என் பொழப்ப நான் பாத்துக்குறேன். சாயந்திரம் வரைக்கும் பேனாவத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் காலில் மாட்டினேனா கையில் எடுத்தேனா என்று தெரியாமல் படியிறங்கினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே திட்டம் இல்லை. சண்டை போடப் போகிறேன் என்பது மட்டும் தெரியும்.

அஃப்ஸர் ஜஹான் அம்மாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"உங்க லைப்ரரில தேடுனா ஒண்ணும் கெடைக்காதாமே. சென்னைலேர்ந்து சொல்றாங்க."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. "யாரு சொன்னது? இருபத்தஞ்சு வருஷத்துல கேட்ட புஸ்தகத்த இல்லன்னு சொன்னதில்லமா நானு."

"கம்ப்யூட்டர் புஸ்தகத்த ஜெபப் புஸ்தகத்தோட வெச்சா எவன் கண்டுபுடிப்பான்?"

"அதான் அந்தப் பொண்ணும் சொல்லுச்சே" என்றார் சட்டென்று. சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். "ஃபரீதா. டிப்ளமோ படிச்சிட்டிருந்துச்சு. கம்ப்யூட்டர் கிதாப் எதுனா இருந்தா குடுங்க ஆன்ட்டின்னு தெனம் வந்து உசிர வாங்கும். இங்க இருந்ததே மூணு. அத முடிச்சதும் இதக் குடுத்தேன், உள்ள எல்லாம் நம்பரா இருக்குதேன்னு. ஆன்ட்டி, இது மதமில்ல, கம்ப்யூட்டர்னு கத்துச்சு. அதுக்காகவே ஒரு தலைப்பு போட்டு நாலு கார்டு எழுதுனேன்."

"அந்தக் கார்டு எங்க?"

"ரெண்டாயிரத்து ஒண்ணுல பக்கத்துக் கூடத்துல தனியா கம்ப்யூட்டர் செக்ஷன் தொறந்தாங்க. பழைய புஸ்தகத்த எடுத்துக்கல, பழைய கார்ட மட்டும் எடுத்துடச் சொன்னாங்க. நான் எதத்தான் தூக்கிப் போட்டிருக்கேன்?"

அலமாரிகளின் பின்னாலிருந்து பிஸ்கட் டின் ஒன்று வந்தது. நூலகத்தில் இருந்து எடுக்கப்பட்ட கார்டுகள் எல்லாம் அதில் கட்டுக் கட்டாக இருந்தன. அவரே ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலே நாலு கார்டு உள்ள மெல்லிய கட்டு ஒன்று. மேலே 'கம்ப்யூட்டர்' என்று தலைப்பு. நாலாவது கார்டில் 'புரோகிராம்களை அடையாளமிட்டுப் பாதுகாத்தல், எ. இன்பம், ஆம்பூர், 1993'. பின்பக்கம் எழுதிய தேதி, 1994 மார்ச் 9. தேதி போடாமல் அந்த அம்மாள் கார்டு எழுதியதே கிடையாதாம். எடுத்துப் போகிறவர்கள் பதிவேட்டையும் பிரித்தார். அந்த வருஷம் ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், மூன்று முறை ஃபரீதா பெயர்.

எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில் முதலில் பரத்துக்குப் போட்டேன். அவர் தேதியைக் குறித்துக்கொண்டார். பிறகு, அந்தக் கார்டை யாரும் தொடாமல் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு, ஃபரீதாவைப் பிடிக்கச் சொன்னார். ஃபரீதா பேரணாம்பட்டில் பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று அஃப்ஸர் ஜஹான் அம்மாள் நம்பர் கொடுத்தார்.

"லுங்கி படம் போட்ட புக்தானே" என்றாள் ஃபரீதா, நான் பாதி சொல்வதற்குள். "மூணு தடவ எடுத்துட்டுப் போய், நானே அதே மாதிரி ஒண்ணு எழுதிப் பாத்தேன். ஓடுச்சு. இந்த லைன்ல நம்மாலயும் முடியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்த இன்பம் ஆம்பூர்லயா இருக்காங்க? நான் யாரோ ஒரு ஆம்பளன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, மூன்றாவதாக எங்கள் ஆபீஸுக்குப் போட்டேன். இன்பம்க்காதான் எடுத்தார். கார்டில் இருந்ததை மூன்று முறை சொல்லச் சொன்னார். ஃபரீதா சொன்னதை ஐந்து முறை சொல்லச் சொன்னார். பூத்காரர் மீட்டரைப் பார்த்து என்னைப் பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு பரத் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அஃப்ஸர் ஜஹான் அம்மாளின் வாக்குமூலம், ஃபரீதாவின் வாக்குமூலம், கார்டு, பதிவேடு, புத்தகம் எல்லாம் நகலெடுத்து அமெரிக்காவுக்குப் போயின. அந்த பேட்டன்ட்டை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி ஷூ கம்பெனி அங்கே மனுப் போட்டது. எதிர்ப்பக்கம் ஏதேதோ எழுதினார்கள். ஒரு முறை, சர்ச்சில் விற்ற புத்தகம் எப்படி நூலாகும் என்று கேட்டார்கள். அதைக் கேட்டு நான் சாபம் விட்டேன், பரத் பதில் எழுதினார். இரண்டு வருஷம் போனது.

2005 அக்டோபரில் கூரியர் வந்தது. பரத்தே ஃபோனும் செய்தார். அமெரிக்க அரசாங்கத்தின் மறுபரிசீலனைச் சான்றிதழ். ஒன்று முதல் ஒன்பது வரை, அந்த பேட்டன்ட்டின் எல்லா உரிமைக் கோரிக்கைகளும் ரத்து. அதற்கு ஆதாரமாகக் கொண்ட நூல்கள் என்று கீழே ஒரு பட்டியல். அதில் ஒரு வரி: எ. இன்பம், ஆம்பூர், இந்தியா, 1993, 61 பக்கங்கள்.

நான் நாற்காலியில் ஏறி நின்று அதை உரக்கப் படித்தேன். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் படியேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். பிறகு ஃபோனை எடுத்துப் பரத்திடம், இனி எங்கள் பெயரிலேயே பேட்டன்ட் வாங்கிவிடலாமா என்று கேட்டேன்.

"முடியாதுங்க. எல்லாரும் படிக்கிற இடத்துல எப்பவோ வந்துடுச்சு இல்ல. இனிமே யாருக்கும் சொந்தமில்ல, யார் வேணா செஞ்சுக்கலாம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்பம்க்காவிடம் சொன்னேன். "குடுத்துட்டதுதானே மனோ" என்றார் அவர். சொல்லிவிட்டு டிராயரைத் திறந்து, அந்த மூன்று வரித் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். கிழித்துப் போடு என்கிறாராக்கும் என்று வாங்கினேன்.

கோட்டின் மேல் கையெழுத்து இருந்தது. நீல மசியில், முழுப் பெயரும், தேதியும். நான் மேல்விஷாரத்துக்குச் சண்டைக்குப் போன நாளின் தேதி.

"நீ படி எறங்குன பத்து நிமிஷத்துலயே போட்டுட்டேன்" என்றார். "கவர்ல போட்டு ஒட்டியும் வெச்சேன். கூரியர்காரன் நாலரைக்குத்தான் வருவான். நீ நாலேகாலுக்கு ஃபோன் பண்ணே."

"சாயந்திரம் வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

"உனக்கு வீடு இருக்குது, கடன் இருக்குது. என்னால உன் வேல போவக் கூடாதுன்னு போட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் அவரைத் திட்டியதே இல்லை. அன்றைக்குத் திட்டினேன். மாடிக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்க்க, பேரணாம்பட்டு வரை கேட்கிற மாதிரி திட்டினேன். திட்டிக்கொண்டே அந்தத் தாளை நான்காகவும் எட்டாகவும் கிழித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை. இன்பம்க்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் மனோ, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.